தோற்றவர் என்ன சொன்னவர்? – திலகா அக்கா விட்டுப்போன கேள்வி

காலை வேலையில் நின்றேன். சூரிச்சின் ஓர்லிகோனில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒரு சுவிஸ் அம்மாவுக்கு ரொட்டியில் வெண்ணெய் பூசிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது. பெயரைப் பார்த்தேன், ஆரணி. எடுத்தேன். “அன்ரி, அம்மா போயிட்டா” என்றாள். பிறகு ஜெர்மனில் ஏதோ தொடங்கி, நிறுத்தி, மறுபடி தமிழுக்கு வந்து, “நித்திரையிலதான். நோகேல்லையாம்” என்றாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அந்தச் சுவிஸ் அம்மா என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மீதி ரொட்டிக்குத் தானே வெண்ணெய் பூசிக்கொண்டார்.

திலகா அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பேர்ணில் ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். எங்கள் வாசிப்பு வட்டத்தைத் தொடங்கியவர். நானும் அவரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே அகதி முகாமில், ஒரே இரண்டடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்தவர்கள். இறந்தவரை விளக்காகவும் ஆலமரமாகவும் ஆக்கிவிடும் அஞ்சலிகள் அவருக்குப் பிடிக்காது. “செத்த உடனே ஆளுக்கு வாயில்லாமல் போகுது. அதுதான் எல்லாரும் தங்களுக்கு விருப்பமானதைச் சொல்லுகினம்” என்பார். ஆகவே அவர் பிடிவாதக்காரி என்பதையும், மருத்துவமனைப் பழக்கத்தில் எல்லாக் கறிக்கும் உப்பைக் குறைத்துப் போட்டு எங்களை வதைத்தவர் என்பதையும், பேச்சில் குறுக்கிட்டால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முறைப்பவர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய கணவர் நாயகம். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய ஆயுத இயக்கத்தில் இருந்தார். பெயரைச் சொன்னாலும் இன்று பலருக்குத் தெரியாது, கலைந்து எவ்வளவோ காலம். அந்த இயக்கம் இராணுவத்தின்மேல் ஒரு பெரிய தாக்குதலுக்கு ஆயத்தமானபோது உள்கூட்டத்தில் நாயகம் எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது பேசியதில் கொஞ்சத்தை மனைவிக்கும் சொன்னார். அடுத்த நாள் பின்னேரம் “ஒருக்கா வந்திட்டுப் போங்கோ” என்று அவருடைய தோழர்களே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. சில நாட்களில், ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று தெருத்தெருவாகப் போய், நாயகம் எதிரிக்கு விலைபோன துரோகி என்று அறிவித்தது. திலகா அக்கா கைக்குழந்தையோடு படலைக்குப் பின்னால் நின்று அதை முழுவதும் கேட்டார். அந்தக் குழந்தைதான் ஆரணி.

இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. அக்கா யாரையும் தண்டிக்க வேண்டும் என்று கேட்டதை நான் அறியேன். அந்தப் பெரிய தாக்குதல் சரியா பிழையா என்றுகூட அவர் அதிகம் கதைத்ததில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். “அண்டைக்கு அந்த அறைக்குள்ள இவர் என்ன சொன்னவர்?” கணவர் வீட்டில் சொன்னது பாதி. மீதிப் பாதியைக் கேட்டவர்கள் அந்த அறையில் இருந்தவர்கள் மட்டுமே. அவர்களில் பலர் பிறகு வந்த சண்டைகளில் போய்விட்டார்கள்.

எங்கள் வட்டம் வாசித்தது வியட்நாம் போரைத்தான். இதற்கும் வியட்நாமுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பின் பெயர் லான். அக்காவோடு மருத்துவமனையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் மறுபக்கத்தில் நின்று வேலை செய்த வியட்நாமியப் பெண். தெற்கிலிருந்து படகில் தப்பி வந்தவர். இருவரும் பேர்ண் ஜெர்மனில்தான் பேசிக்கொள்வார்கள், இருவரின் ஜெர்மனும் ஒரே அளவுக்கு நொண்டும். ஒருநாள் லான் தன் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். போர் முடிந்த பிறகு தங்கள் தெருமூலையில் ஒலிபெருக்கி ஒன்று கட்டினார்களாம். விடியற்காலையிலேயே அது பேசத் தொடங்கிவிடுமாம். தலைவர்கள் எத்தனையோ பேர், ஆனால் அதிலிருந்து வந்தது எப்போதும் ஒரே குரல்தான் என்றாராம். அக்கா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, “அவர்களுக்குள் ஒருநாளும் வாக்குவாதம் வரவில்லையா?” என்று கேட்டிருக்கிறார். “எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் லான். அன்று மாலை அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “நிமலா, அந்தக் குரலுக்குப் பின்னால ஒரு அறை இருந்திருக்கும். அந்த அறைக்குள்ள ஆர் என்ன சொன்னவை எண்டு நாங்கள் தேடிப் பாப்பமோ?” என்றார்.

இப்படித்தான் எங்கள் வட்டம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அக்காவின் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் கூடுவோம். ஆறேழு பேர். ஆங்கிலப் புத்தகங்களை நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். ஜெர்மன் புத்தகங்களை அக்கா அகராதியோடு மல்லுக்கட்டி வாசித்துக்கொண்டு வருவார். கட்டடத்தைப் பராமரிக்கும் சுவிஸ்காரர் முதலில் எங்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். போகும்போது நாங்கள் கதிரைகளை அடுக்கி, கூட்டி, துடைத்துவிட்டுப் போவதைக் கண்ட பிறகு, மற்றக் குடியிருப்பாளர்களுக்கு எங்களை உதாரணம் காட்டத் தொடங்கிவிட்டார். உள்ளே நாங்கள் மேசையைத் தட்டிச் சண்டை பிடிப்பது அவருக்குத் தெரியாது.

சண்டை பிடிப்பதில் முதல்வர் தேவா அண்ணை. நாயகம் இருந்த அதே இயக்கத்தின் அரசியல் பிரிவில் இருந்தவர். பாடனில் ஒரு தொழிற்சாலையில் வேலை, தனியாள். கனத்த, இழைந்த குரல். கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, ஒலிவாங்கி அவர் கையில்தான் இருக்கும். அவரை வட்டத்துக்குக் கூப்பிட்டது அக்காதான். கோயிலில் அவர் ஒலிவாங்கியை எடுத்தால் அக்கா எழுந்து செருப்பு வைக்கும் இடத்துப் பக்கம் போய்விடுவார் என்பதை நான் கண்டிருக்கிறேன். சத்தம் தாங்காமல் போகிறார் என்றுதான் நினைத்தேன். மனிதரை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து வாதாடுகிறவர், அவர் குரலுக்கு மட்டும் ஏன் எழுந்து போகிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

வியட்நாம் போரை எங்கள் வயதுக்காரர் எல்லோரும் வெற்றிக் கதையாகத்தான் படித்தோம். ஒரு சின்ன நாடு, ஒரே தலைவர், ஒரே மனம், பெரிய வல்லரசு மண்கவ்வியது, அவ்வளவுதான். புத்தகங்களைப் பிரித்தபோது அந்த ஒரே மனம் எங்கேயும் இருக்கவில்லை. ஜெனீவா மாநாட்டில் நாட்டை இரண்டாகப் பிரித்த பிறகு, வடக்கில் இருந்த கட்சித் தலைமை ஆண்டுக்கணக்காகத் தங்களுக்குள் வாதாடியிருக்கிறது. ஒரு சாரார், முதலில் வடக்கைக் கட்டுவோம் என்றார்கள். நெல்லும் பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் வரட்டும், அரசியல் வழியைக் கைவிட வேண்டாம், பெரிய போரை இழுத்துவிட்டால் மக்கள் தாங்கமாட்டார்கள் என்றார்கள். மற்றச் சாரார், தெற்கில் நம் ஆட்கள் வேட்டையாடப்படும்போது எந்த முகத்தோடு பொறுத்திருக்கச் சொல்வது என்று கேட்டார்கள். தெற்கில் பல ஆண்டு தலைமறைவாக வேலை செய்துவிட்டு வந்து கட்சியின் மேலிடத்துக்கு உயர்ந்த ஒருவர் இந்த இரண்டாவது பக்கத்தின் முதுகெலும்பு. மாஸ்கோ சமாதானச் சகவாழ்வு என்றது, பீஜிங் போராடு என்றது, இவர்கள் இருவரிடமும் ஆயுதமும் அரிசியும் வாங்க வேண்டியிருந்தது. மெல்ல மெல்ல இரண்டாவது பக்கம் வென்றது.

வென்றதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சந்திரப் புத்தாண்டுப் பெருந்தாக்குதலுக்கு முந்திய மாதங்களில், எதிர்த்தவர்களும் எதிர்ப்பார்கள் என்று எண்ணப்பட்டவர்களும் ‘திரிபுவாதிகள்’ என்ற பெயரில் பிடிக்கப்பட்டார்கள். கட்சியில் மூத்தவர்கள், அறிஞர்கள், பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்த தளபதிக்கு நெருங்கியவர்கள். பலர் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்காக உள்ளே இருந்தார்கள். அந்தத் தளபதியே பெருந்தாக்குதல் தொடங்கியபோது நாட்டில் இருக்கவில்லை. இதை நான் ஒரு ஞாயிறு வாசித்துச் சொன்னேன். பிறகு தேவா அண்ணை, “ஆனால் கடைசியில வெண்டவைதானே?” என்றார். அக்கா, “ஓம் அண்ணை, வெண்டவை. அதுதான் கஷ்டம்” என்றார். “சரியோ பிழையோ எண்டு நான் கேக்கேல்லை. பிடிபட்ட ஆக்கள் என்ன சொன்னவை எண்டுதான் கேக்கிறன். இந்தப் புத்தகத்தில அவையள்ர கதை முழுக்க மற்றவையின்ர வாயாலதான் வருது. தோற்றவன்ர கதையை வெண்டவன் சொன்னால் அது குற்றப்பத்திரிகை.”

அதற்கு அடுத்த ஞாயிறு அவர் அந்த விதியைக் கொண்டு வந்தார். நம் வட்டத்துக்கு வந்துபோன எல்லோருக்கும் அது நினைவிருக்கும், பலர் அதனாலேயே வராமல் விட்டவர்கள். யாரும் எதிராளியை மறுத்துப் பேசுவதற்கு முன், எதிராளி சொன்னதை அவருக்குப் பதிலாகச் சொல்லிக் காட்ட வேண்டும். சும்மா கிளிப்பிள்ளை மாதிரி அல்ல, அவரைவிட நன்றாக. எதிராளி கேட்டுவிட்டு “ஓம், அதுதான்” என்று சொன்னால்தான் மறுப்புக்கு வழி திறக்கும். “இல்லை” என்றால் மறுபடி முதலிலிருந்து. சில ஞாயிறுகளில் ஒரு மறுப்பைக்கூடக் கேட்காமல் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். “இப்பிடிப் போனால் வியட்நாம் போர் முடிய எங்கட ஆயுசு காணாது” என்று ஒருமுறை சொன்னேன். “அவசரமெண்டால் சூரிச்சுக்கு ரெயின் இருக்கு, போ” என்றார் அக்கா. நான் போகவில்லை.

ஒருமுறை அக்கா தெற்கில் உடனே போர் தொடங்க வேண்டும் என்ற பக்கத்தைச் சொல்ல வேண்டி வந்தது. அது தேவா அண்ணையின் பக்கம். அக்கா எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னார். “தோழர்களே, நீங்கள் வடக்கில ஆறுதலாக இருந்து அணை கட்டுறியள். நல்லது, கட்டுங்கோ. தெற்கில ஒரு தாய் தன்ர பிள்ளையின்ர தலையைத் தேடித் திரியிறாள். அங்க கில்லட்டின் யந்திரத்தை ஊரூராகக் கொண்டு போறாங்கள். அவளிட்ட நான் போய், அணை கட்டி முடியட்டும், பிறகு வாறன் எண்டு சொல்லலாமோ? நாங்கள் போகாட்டிலும் அங்க எங்கட ஆக்கள் சாகத்தான் போகினம். சாகிறவன் கையில ஒரு துவக்காவது இருக்கட்டும்.” தேவா அண்ணை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஓம்” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஓம், அதுதான். நான்கூட இவ்வளவு வடிவாய்ச் சொல்லேல்லை” என்றார். தன் கணவரை அழைத்துக்கொண்டு போனவர்களின் நியாயத்தைத்தான் அக்கா அன்று அவ்வளவு நேர்மையாகச் சொன்னார்.

அந்தக் காலத்தில்தான் எல்லோருமாக ஜெனீவா போனோம். கோடு கீறிய மாநாடு நடந்த மாளிகையைப் பார்க்க வேண்டும் என்று தேவா அண்ணை ஒற்றைக் காலில் நின்றார். மாளிகைக்குள் விடவில்லை, வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்து கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைப் பிரித்தோம். லானும் வந்திருந்தார். தேவா அண்ணை அவரிடம் ஜெர்மனில், உங்கள் நாட்டு மக்களின் வீரத்துக்குத் தலைவணங்குகிறேன் என்று தொடங்கினார். லான் சிரித்தார். “என் அண்ணன் ஒருவன் இந்தப் பக்கம், ஒருவன் அந்தப் பக்கம். எந்த வீரத்துக்கு?” என்று கேட்டுவிட்டு, இன்னொரு இடியப்பம் எடுத்துக்கொண்டார். அக்கா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பிறகு ஒரு ஞாயிறு, பக்கம் மாற்றிப் பேசும் முறை தேவா அண்ணைக்கு வந்தது. பிடிபட்டவர்களின் பக்கத்தை அவர் சொல்ல வேண்டும், அக்கா கேட்டு ஓம் சொல்ல வேண்டும். அவர் எழுந்து, தன் மேடைக் குரலில், “திரிபுவாதிகள் மக்களைப் பயமுறுத்திச் சொன்னது என்னவென்றால்” என்று தொடங்கினார். அக்கா “இல்லை” என்றார். மறுபடி தொடங்கினார். “போராட்டத்தில் நம்பிக்கை இழந்தவர்கள்...” “இல்லை, அண்ணை. அவை தங்களை அப்பிடிச் சொல்லமாட்டினம்.” தேவா அண்ணை தண்ணீர் குடித்தார். இன்னொருமுறை முயன்றார். எப்படித் தொடங்கினாலும் இரண்டாவது வரியில் குற்றச்சாட்டு வந்து ஏறிக்கொண்டது. முகம் சிவந்துவிட்டது. “எனக்கு இது வராது. துரோகத்துக்கு வக்காலத்து வாங்க நான் இஞ்ச வரேல்லை” என்றார். அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மிகவும் மெதுவாக, “எந்தத் துரோகம் அண்ணை? வியட்நாமோ, எங்கடையோ?” என்று கேட்டார். தேவா அண்ணை ஜாக்கெட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

எல்லோரும் போன பிறகு, கதிரைகளை அடுக்கியபடியே நான் அக்காவோடு சண்டைக்குப் போனேன். ஒரு வயது போன மனிதரை இப்படியா நெருக்குவது, விளையாட்டுக்கும் ஒரு அளவு இல்லையா என்று கேட்டேன். அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். “அந்தக் காரில வந்த குரல் அவரின்ரதான் நிமலா” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. “இவரைத் துரோகி எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போன குரல். கோயிலில முதல் நாள் ஒலிவாங்கியில ‘பக்த அடியார்களே’ எண்டு தொடங்கினவுடனேயே எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்திலயும் அவர் இருந்தவர். இவர் சொன்னது முழுக்கக் கேட்ட ஆக்களில இப்ப உயிரோட இருக்கிறது அவர் ஓராள்தான்.” அப்படியென்றால் ஏன் முகத்துக்கு நேரே கேட்கவில்லை என்றேன். “கேட்டால் மன்னிப்புக் கேப்பார். இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுவார். ரெண்டும் எனக்குத் தேவையில்லை. இவர் சொன்னது அந்தக் குரலால திரும்பி வரவேணும். துரோகி எண்டு வெளியில போனது அதாலதானே” என்றார். பிறகு விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு தேவா அண்ணை வரவில்லை. அவருடைய ஜாக்கெட் பொது அறைக் கொக்கியில் தொங்கிக்கொண்டே இருந்தது. அதை எடுத்து வைக்க வேண்டாம் என்று அக்கா கட்டடப் பராமரிப்பாளரிடம் சொல்லிவிட்டார். குளிர்காலம் முடிந்தது. அக்காவுக்கு வயிற்றில் நோய் என்று கண்டுபிடித்தார்கள். தான் சமைத்த அதே மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, வரும் சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொன்னார். அதற்காக அவரைக் கேலி செய்யும் பாக்கியம் எனக்கும் லானுக்கும் கிடைத்தது.

ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது தேவா அண்ணை வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் பழப் பை. கதிரையில் உட்காராமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். “திலகா, நான் அண்டைக்குச் செய்தது பிழை. அந்தக் கார்... நான்தான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். பெரிய மனிதர், குரல் உடைந்துவிட்டது. நான் என்றால் அந்த இடத்திலேயே கரைந்திருப்பேன், எழுதும்போதுகூட எனக்கு அவர்மேல் இரக்கம் வருகிறது. அக்கா தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “இருங்கோ அண்ணை” என்று கதிரையைக் காட்டினார். “மன்னிப்பை நான் வைச்சு என்ன செய்ய? அதை உங்களோட வைச்சிருங்கோ. இவர் என்ன சொன்னவர் எண்டு சொல்லுங்கோ.”

“எனக்கு வடிவாய் ஞாபகம் இல்லை.”

“சொல்லிப் பாருங்கோ.”

தேவா அண்ணை சொல்லத் தொடங்கினார். “நாயகம் தாக்குதலுக்குப் பயந்து...” என்றுதான் முதல் வரி வந்தது. அக்கா தலையை மட்டும் ஆட்டினார். சனம் சாகும் என்று சொன்னவர் என்றார். “அது எனக்கும் சொன்னவர். மற்றது?” என்றார் அக்கா. தேவா அண்ணை முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தாதி வந்து ஊசி மருந்தை மாற்றினார். தேவா அண்ணை எழுந்து புறப்பட்டபோது அக்கா, “இன்னும் இல்லை அண்ணை. யோசிச்சுக்கொண்டு வாங்கோ” என்றார். அவ்வளவு நோவிலும் விதியை விட்டுக்கொடுக்கவில்லையே என்று எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. “சும்மா ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா” என்றேன். “நான் சும்மா ஓம் எண்டால் இவர் அந்த அறைக்குள்ள சொன்னது அதுவாய்ப் போயிடும் நிமலா” என்றார். தேவா அண்ணை திரும்பி வருவதற்குள் ஆரணியின் தொலைபேசி வந்துவிட்டது.

பேர்ண் மயானத்து மண்டபத்தில் எங்களுக்குக் கொடுத்த நேரம் குறைவு. தேவாரம் பாடி முடிந்ததும், யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்று ஆரணி சொன்னாள். தேவா அண்ணை எழுந்தார். பொது அறைக் கொக்கியில் தொங்கிய அந்த ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தார், வரும் வழியில் போய் எடுத்திருக்கிறார். முன்னால் ஒலிவாங்கி இருந்தது. அதைத் தாண்டி வந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில், வெறும் குரலில் பேசினார்.

“எங்கட கூட்டத்தில நாயகம் சொன்னதை நான் இப்ப சொல்லுறன். திலகாவுக்குச் சொல்லவேண்டியிருந்தது, பிந்திப் போனன். நாயகம் சொன்னவர், தோழர்களே, நான் சண்டைக்கு எதிரில்லை. ஒரே அடியில எல்லாம் முடியும் எண்ட நம்பிக்கைக்குத்தான் எதிர். அந்த அடி பிழைச்சால் திருப்பி அடி வாங்கப்போறது நாங்கள் இல்லை, அந்த ஊர்ச் சனம். நாங்கள் தப்பி ஓடக் காடு இருக்கு, அவைக்கு வீடுதான் இருக்கு. அவையளைக் கேட்டனாங்களோ? கேக்கேல்லை. கேக்க நேரமில்லை எண்டால், இது அவையளுக்கான சண்டை எண்டு சொல்ல எங்களுக்கு வாயில்லை. இதைச் சொன்னால் என்னைச் சந்தேகப்படுவியள் எண்டு தெரியும். சந்தேகப்படுங்கோ. ஆனால் என்னை அறைக்குள்ளயே வைச்சிருந்து சந்தேகப்படுங்கோ. வெளியில அனுப்பினால் அடுத்த பிழையைச் சொல்ல ஆள் இருக்காது. எல்லாரும் தாக்கத்தான் வேணுமெண்டு முடிவெடுத்தால் நானும் வாறன், முன்னுக்கு நிண்டு வாறன். ஆனால் நான் வேண்டாமெண்டு சொன்னதையும் எழுதி வையுங்கோ.”

நிறுத்தினார். பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதற்காக நிற்கிறார் என்று வட்டத்திலிருந்து வந்த எங்களுக்கு மட்டும் தெரியும். எனக்கு ‘ஓம்’ என்று வாய்வரை வந்தது. ஆனால் அந்த ஓமைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நாயகம் சொன்னதில் ஒரு வரியும் நான் கேட்டவளல்ல. பிறகு ஊழியர் கதவைத் திறந்தார், அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது.

ட்ராம் தரிப்பிடத்தில் நின்றபோது ஆரணி எங்களை நோக்கி வந்தாள். அவள் இங்கே பள்ளிக்கூட ஆசிரியை. தமிழ் கதைப்பாள், மேடைத் தமிழ் வேகமாகப் போனால் அவளுக்கு விளங்காது. தேவா அண்ணைக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு அந்தக் காரைப் பற்றித் தெரியும், அம்மா சொல்லியிருக்கிறார். தேவா அண்ணை குனிந்துகொண்டார். “அங்கிள், அப்பா சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. மெதுவா” என்றாள். அவர் சொன்னார். ஒரு ட்ராம் வந்து போனது. ஆரணி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

“எனக்கு அப்பாவோட ஒரு பிரச்சினை இருக்கு” என்றாள். “சனத்தைக் கேட்டிட்டு அடிக்கவேணும் எண்டால், ஆமிக்கும் தெரிஞ்சிடும்தானே? அப்ப எப்பிடி?” தேவா அண்ணை திடுக்கிட்டுப் போய் என்னைப் பார்த்தார். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஒலிபெருக்கிக் கார் போன அன்றிலிருந்து நாயகத்தைத் துரோகி என்றார்கள், அப்பாவி என்றார்கள், தியாகி என்றுகூடச் சிலர் சொன்னார்கள். நீ சொல்வது பிழை என்று அவரோடு ஒருவர் வாதாடி நான் கேட்டதே இல்லை. தேவா அண்ணை மெல்லத் தன்னைத் திரட்டிக்கொண்டார். “பிள்ளை, மறுக்கிறதுக்கு முதல் அவர் சொன்னதை நீங்கள் சொல்லிக் காட்டவேணும். அம்மாவின்ர விதி” என்றார்.

ஆரணி சொன்னாள். பாதித் தமிழ், பாதி பேர்ண் ஜெர்மன். இடையில் ஒரு சொல்லுக்காக என்னைப் பார்த்தாள், நான் எடுத்துக் கொடுத்தேன். ஓடக் காடு உள்ளவர்கள், வீடு மட்டும் உள்ளவர்கள், அறைக்குள் வைத்துச் சந்தேகப்படுங்கள், எல்லாம் வந்தது. கடைசியில் அப்பா தானும் முன்னுக்கு வருவதாகச் சொன்னதை விட்டுவிட்டாள். “இல்லை” என்றார் தேவா அண்ணை. மறுபடி முதலிலிருந்து சொன்னாள், இந்த முறை விடாமல் சொன்னாள். “சரியோ அங்கிள்? அப்பா சொன்னது இதுதானோ?”

ஒரு காலத்தில் ஊரெல்லாம் கேட்ட குரல் அந்தத் தரிப்பிடத்தில் பக்கத்தில் நின்ற எனக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது. “ஓம்” என்றார். “ஓம் பிள்ளை, அதுதான். இனி நீங்கள் மறுக்கலாம்.”

இதை எழுதலாமா என்று தேவா அண்ணையிடம் கேட்டேன். “என்ர பேரை மாத்தாமல் எழுதுங்கோ” என்றார். வட்டம் மறுபடி கூடுகிறது, ஆரணியும் வருகிறாள், லானையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறாள். திலகா அக்காவின் புத்தகங்களை ஆரணி பிரித்துக் கொடுத்தபோது நான் ஒன்றும் எடுக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் மருத்துவமனைக் கட்டிலில் சொன்ன அந்த “இன்னும் இல்லை” என்பதைத்தான். அன்று அது கல்நெஞ்சு என்று நினைத்தேன். அவர் அன்று சும்மா ஓம் என்று சொல்லியிருந்தால், ஆரணி தன் அப்பாவோடு சண்டை பிடித்திருக்க மாட்டாள்.